பெட்ரோல் அம்பாசடரில் டேங்க் ஒழுகுகிறதா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

கடைசி அம்பாசடர் 2014-ல் வந்தது. அதனால் இன்று ஓடுகிற எந்த அம்பாசடரின் ஒரிஜினல் டேங்கும் பத்து வருஷத்துக்கு மேல் பழசுதான். டேங்கின் தகரம் பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கும். பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தத் தண்ணீர் அடியில் தங்கும், ஓட்டையும் அங்கேதான் விழும்.

முக்கியமான விஷயம், நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்து. திரவத்தை வடித்த பிறகும் உள்ளே ஆவி இருக்கும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். காற்றை விடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பு வரைக்கும்கூடப் போகும். ஆகவே திறந்தவெளியில் வேலை செய்யுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள்.

டேங்கைக் கழற்றும் முன் ஒழுகும் இடத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பல நேரம் டேங்க் நன்றாகவே இருக்கும், வெடித்த ரப்பர் ஹோஸோ, கேஜ் யூனிட்டின் (பெட்ரோல் அளவு காட்டும் கருவி) கேஸ்கட்டோதான் (கசியாமல் இருக்க வைக்கும் வளையம்) கசியும். அப்படியென்றால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

டேங்கேதான் என்றால், பெட்ரோலை இரும்பு கேனில் வடித்து, ஹோஸ், கேஜ் யூனிட், போல்ட்டுகளைக் கழற்றி டேங்கை இறக்குங்கள். சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், பெட்ரோல் வாசனை போகும்வரை திரும்பத் திரும்ப. துரு இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலை நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, கொஞ்சம் நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் உதிரும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். அப்புறம் அலசி, வெயிலில் உடனே காயவையுங்கள், ஈரமாக விட்டால் புதுத் துரு ஏறிவிடும்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க எல்லா வாய்களையும் கார்க்கால் அடைத்து, சைக்கிள் பம்பில் லேசாகக் காற்றடித்து, சோப்பு நுரை தடவுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசரில் அடிக்காதீர்கள், தகரம் உப்பிவிடும்.

வழியில் ஒழுகினால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்துக்கொண்டு ஊர் வந்து சேரலாம், பெட்ரோலில் சோப்பு சுலபமாகக் கரையாது. ஊசி ஓட்டைக்கு, சுற்றிலும் பளபளக்கும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி பசை போடுங்கள். ஓட்டை பெரிசு என்றால் ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகரத்துண்டு வைத்து ஈயம் பற்றவைப்பதுதான் சரி. கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம், வீட்டில் நெருப்பு வைத்தும் முயலாதீர்கள். அடிப்பக்கம் முழுக்க சல்லடையாகிவிட்ட டேங்கை ஒட்டிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

சரிசெய்த டேங்குக்குள் சீலர் (உள்பக்கம் படிந்து இறுகும் பூச்சு) ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை வடித்துக் காயவிடுங்கள். வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று டப்பாவில் பாருங்கள். மாட்டும்போது புது கேஸ்கட், புது ஹோஸ். முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி, கீழே அட்டை விரித்து ஒரு ராத்திரி பாருங்கள். ஈரம் இல்லையென்றால் ஓட்டலாம். மிச்சத் துரு கொஞ்சம் வரும் என்பதால் முதல் மாசத்தில் பெட்ரோல் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.