ஈயம் டேப்பில் பிடிக்காமல் உருண்டபோது

வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யத் தொடங்குபவர்களுக்கு, துண்டுகளின் ஓரத்தில் செம்பு டேப் ஒட்டி ஈயத்தை உருக்கி இணைக்கும் (சால்டரிங்) முறைதான் எளிது. எனக்கு வெட்டுவதும் ஒட்டுவதும் சரியாக வந்தன, சால்டரிங்கில்தான் சிக்கல். ஈயம் பரவாமல் மணி மணியாக உருண்டது. கூடவே பிசுபிசுவென்று பழுப்புக் கறை வேறு.

கறை வந்தது ஈயக்கம்பியால். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கம்பிக்குள் பெரும்பாலும் ரோசின் என்ற பிசின் இருக்கும். சர்க்யூட் வேலைக்கு அது நல்லது. கண்ணாடிக்கு, உள்ளே எதுவும் இல்லாத 60/40 கம்பி வேண்டும்: வெள்ளீயம் 60, காரீயம் 40. சுமார் 190 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகி, சட்டென்று இறுகும். இணைப்பு மேலே வளைந்து அழகாக நிற்பது அதனால்தான்.

உருண்டதற்குக் காரணம் டேப். பிரித்து வைத்த சுருள் காற்றுப்பட்டுக் கறுத்திருந்தது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. மெல்லிய ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேய்த்து, பளபளப்பு வந்ததும் ஃப்ளக்ஸ் (ஈயம் செம்பில் பிடிக்க உதவும் பூச்சு) தடவினேன். அப்புறம் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடியது. மிச்ச டேப் இப்போது ஜிப் கவரில்.

ஃப்ளக்ஸ் புகை தொண்டையை அரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காரீயம் விரல்களில் ஒட்டியிருக்கும்.