வில்லன் திரும்பி வரும் நொடி: 'டாக்டர் ஹூ'வைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரில் 'யூடோபியா' என்ற எபிசோடை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கதையின் கடைசிப் பகுதியில் ஒரு பழைய வில்லன் திரும்பி வருகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. "யார் இது?" என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், பேசாமல் இரு என்று கையைக் காட்டினார்.

சில ஆண்டுகள் கழித்து, பழைய கதைகளையும் பார்த்துவிட்டு, அதே எபிசோடை மறுபடி போட்டேன். இம்முறை நானும் எழுந்து நின்றேன். எதிர்பாராத வருகை என்று சொல்கிறோம். ஆனால் அந்த ஆளை முன்பே அறிந்தவருக்குத்தான் அது எதிர்பாராத வருகை. அறியாதவருக்கு வருவது யாரோ ஒருவன். ரசிகர்கள் ஏன் கத்துகிறார்கள், ஏன் அழுகிறார்கள், சில வேளைகளில் ஏன் கோபப்படுகிறார்கள் என்பது புரிய வேண்டுமானால் முதலில் நமக்குள் கொஞ்சம் நினைவைச் சேர்க்க வேண்டும். அதற்கான வழிதான் கீழே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். மூன்றாம் படியிலிருந்து கதையை முழுவதும் போட்டு உடைக்கப் போகிறேன். முதல் இரண்டு படிகளை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதல் படி: மூன்று பழைய வில்லன்களைச் சந்தியுங்கள்

இந்தத் தொடர் 1963 நவம்பர் 23 அன்று பிரிட்டனில் பிபிசியில் தொடங்கியது. அறுபது ஆண்டுக் கதையை யாரும் முதலிலிருந்து பார்க்கத் தேவையில்லை. மூன்று கதைகள் போதும்: 'டெரர் ஆஃப் தி ஆட்டான்ஸ்' (1971), 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' (1975), 'தி மார்க் ஆஃப் தி ரானி' (1985). முதல் இரண்டும் நான்கு நான்கு பகுதிகள், மூன்றாவது இரண்டு பகுதிகள்.

இவற்றில் வரும் வில்லன்களில் யார் திரும்பி வருகிறார் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் செய்யுங்கள்: குரல்களைக் கவனியுங்கள். அந்தக் காலத்து அரங்க அமைப்புகள் இன்று எளிமையாகத் தெரியும், ராட்சதப் பொம்மைகள் பொம்மைகளாகவே தெரியும். குரல் மட்டும் பழசாகவில்லை. ஒவ்வொரு வில்லனும் எப்படிப் பேசுகிறான், எப்படிச் சிரிக்கிறான் என்பது காதில் பதியட்டும். 1971 கதையில் ஒரு விஞ்ஞானியின் சாப்பாட்டு டப்பாவும் வரும். அதையும் மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: 2007இன் வரிசையை இடைவெளியோடு பாருங்கள்

தொடர் நின்றுபோய், 2005இல் புத்துயிர் பெற்றது. புதிய தொடரின் இரண்டாவது எபிசோடான 'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' முடிவில் கதாநாயகரான டாக்டர் தன் தோழி ரோஸிடம் ஓர் உண்மையைச் சொல்கிறார்: போரில் தன் கிரகமே அழிந்துவிட்டது, சாகும் நிலையில் உருமாறிப் புது உடல் பெறும் தன் இனமான டைம் லார்டுகளில் மிஞ்சியவர் தான் ஒருவர் மட்டுமே. இதை முதலில் பாருங்கள். இந்தத் தனிமைதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

பிறகு 2007க்கு வாருங்கள். 'கிரிட்லாக்', 'தி லாசரஸ் எக்ஸ்பெரிமென்ட்', 'ஹியூமன் நேச்சர்', 'தி ஃபேமிலி ஆஃப் பிளட்', 'பிளிங்க்' என்ற வரிசையில் பார்த்துவிட்டு 'யூடோபியா'வுக்குப் போங்கள். ஒரே இரவில் அனைத்தையும் பார்த்து முடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 'ஹியூமன் நேச்சர்' மே 26 அன்று ஒளிபரப்பானது, அதன் இரண்டாம் பாதி ஜூன் 2 அன்று. ஜூன் 9 அன்று வந்த 'பிளிங்க்' முற்றிலும் வேறு கதை, டாக்டரே அதில் அதிகம் வரமாட்டார். 'யூடோபியா' ஜூன் 16 அன்று வந்தது. நடுவில் வந்த அந்த வேறு கதை, பார்வையாளர்கள் ஒரு பொருளை மறப்பதற்கு அவகாசம் கொடுத்தது. நீங்களும் மறக்க வேண்டும். 'பிளிங்க்' முடிந்ததும் இரண்டு மூன்று நாள் வேறு வேலையைப் பாருங்கள்.

இங்கே நிறுத்துங்கள். பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: பார்த்த உடனே எழுதுங்கள்

பார்த்துவிட்டீர்களா? யாரிடமும் பேசுவதற்கு முன்பு, மற்றவர்கள் சொன்னது எதையும் படிப்பதற்கு முன்பு, ஒரு தாளை எடுத்து ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எந்த நொடியில் தெரிந்துகொண்டீர்கள்?

தேர்ந்த ரசிகர்கள் பேசும்போது கேட்டுப் பாருங்கள். யார் வந்தான் என்பதைவிடத் தனக்கு எப்போது தெரிந்தது என்பதைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். 'யூடோபியா'வில் அதற்கு ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் வேறு வேறு ரசிகர் நிற்கிறார்.

காட்சியை நெருங்கிப் பார்ப்போம். பிரபஞ்சம் முடியப்போகும் காலம். மிஞ்சிய மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப ஒரு முதிய பேராசிரியர் பாடுபடுகிறார். பெயர் யானா. டெரெக் ஜாகோபி நடித்திருக்கிறார். நல்ல மனிதர், களைத்த மனிதர், தலைக்குள் எப்போதும் முரசுச் சத்தம் கேட்கிறது என்கிறார். பேச்சினிடையே சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கடிகாரத்தை எடுக்கிறார். டாக்டரின் தோழி மார்த்தா அதைப் பார்க்கிறாள். திருப்பிப் பார்த்தால் மேல்மூடியில் வட்ட வட்டமான செதுக்கல்கள்.

மூன்று வாரம் முன்பு 'ஹியூமன் நேச்சர்'இல் அவள் கையிலேயே இருந்த கடிகாரத்தின் அச்சு அசல். 1913இல் டாக்டர் தன்னையே மறந்து பள்ளி ஆசிரியராக, சாதாரண மனிதனாக வாழ்ந்தபோது அவருடைய உண்மையான உயிர் அதற்குள்தான் ஒளிந்திருந்தது. அதைத் திறந்தால்தான் தான் யார் என்று தெரியும். ஆனால் உடையவனுக்கு அதைக் கவனிக்கவே தோன்றாது. பேராசிரியர் சொல்வதும் அதுவே: சிறுவயதில் கண்டெடுக்கப்பட்டபோதே இது தன்னிடம் இருந்தது, பழுதானது, திறந்ததே இல்லை. மார்த்தாவின் முகம் மாறுகிறது. முதல் படி இது. இங்கேயே கத்தியவர்கள், முந்தைய கதைகளைக் கூர்ந்து பார்த்தவர்கள்.

அடுத்தது பெயர். 'கிரிட்லாக்'கில் சாகும் தறுவாயில் ஒரு கிழ உயிர் டாக்டரிடம், நீ தனியாக இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்கிறது: யூ ஆர் நாட் அலோன். அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் யானா. ஏப்ரலில் கேட்ட ஆறுதல் வார்த்தை ஜூனில் எச்சரிக்கையாகத் திரும்பி வருகிறது. டாக்டர் இத்தனை காலம் ஏங்கியது தன் இனத்தில் இன்னும் ஒருவராவது உயிரோடு இருக்கமாட்டாரா என்றுதான். ஒருவர் இருக்கிறார். அவர் டாக்டரின் பரம எதிரி மாஸ்டர். திரும்பத் திரும்பப் பார்த்தும் இந்த இடத்தில் என் நெஞ்சு அடைக்கிறது. எழுதியவர் ரசல் டி டேவிஸ் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

மூன்றாவது படியில் நிற்பவர்களுக்காகத்தான் உங்களைப் பழைய கதைகளைப் பார்க்கச் சொன்னேன். பேராசிரியரின் கையில் கடிகாரம் முணுமுணுக்கத் தொடங்குகிறது. உற்றுக் கேளுங்கள். அதில் ஒன்று ரோஜர் டெல்காடோவின் குரல், 1971இல் மாஸ்டராக முதன்முதலில் நடித்தவர். இன்னொன்று அந்தோனி ஐன்லியின் சிரிப்பு, 1980களின் மாஸ்டர். டெல்காடோ 1973இல் படப்பிடிப்புக்காகத் துருக்கி போன இடத்தில் கார் விபத்தில் இறந்தவர். ஐன்லி 2004இல் மறைந்தவர். தொடர் மீண்டும் தொடங்கியதைக்கூட அவர் பார்க்கவில்லை. மறைந்த இருவரின் குரல்கள் ஒரு கடிகாரத்துக்குள்ளிருந்து வருகின்றன. என் நண்பர் எழுந்து நின்றது இந்த இடத்தில்தான்.

அதன்பிறகு பேராசிரியர் கடிகாரத்தைத் திறப்பதும், ஜாகோபியின் கண்கள் ஒரே நொடியில் வேறொருவனின் கண்களாக மாறுவதும், உருமாறி, வேறொரு நடிகரான ஜான் சிம்மின் உருவில் எழுவதும் எல்லோருக்குமான படிகள். மாஸ்டர் யார் என்றே தெரியாத சிறுவர்களும் அங்கே பயந்திருப்பார்கள்.

உங்கள் தாளில் எந்தப் படியை எழுதியிருந்தாலும் சரி. அதை மாற்றி எழுதாதீர்கள்.

நான்காம் படி: முன்பே தெரிந்தவர்களையும் கேளுங்கள்

ரகசியம் காக்கப்பட்டதா, கசிந்ததா என்பது ரசிகர்களின் உணர்வைப் பெரிதும் மாற்றிவிடும். 1982 மார்ச் 8 அன்று 'எர்த்ஷாக்' கதையின் முதல் பகுதி முடிவில், இயந்திர உடல் கொண்ட பழைய வில்லன்களான சைபர்மென் ஏழாண்டுக்குப் பிறகு திரும்பினார்கள். தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர், 'ரேடியோ டைம்ஸ்' என்ற ஒளிபரப்பு நிகழ்ச்சி இதழின் அட்டைப்படம் கிடைக்கும் வாய்ப்பையே அந்த ஒரு நொடிக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விளம்பரத்துக்கு அலையும் ஒரு துறையில் அது பெரிய தியாகம்.

அதே காலத்தில் ஐன்லி வேடமிட்டு வரும் கதைகளில், டைட்டிலில் அவர் பெயருக்குப் பதிலாக இல்லாத நடிகர் ஒருவரின் பெயரைப் போட்டார்கள். 'டைம்-ஃப்ளைட்'டில் லியோன் நை தாய் என்று ஒரு பெயர். ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் டோனி ஐன்லி. பத்திரிகையில் நடிகர் பட்டியலை முன்கூட்டியே படிப்பவரையும் ஏமாற்றிவிடுவார்கள்.

எதிர்மாறான அனுபவம் 2017இல். ஜான் சிம் மாஸ்டராகத் திரும்புகிறார் என்று ஒளிபரப்புக்குப் பல வாரம் முன்பே பிபிசி அறிவித்துவிட்டது. 'வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்' எபிசோடில் அவர் தாடியும் ஒப்பனையுமாக ரேசர் என்ற பெயரில் வலம் வருகிறார். வருவார் என்று தெரிந்தபிறகு முகமூடி கழலும் காட்சியில் பாதி பலம் போய்விட்டது என்பது என் கருத்து. தெரிந்திருந்தும் அவரை அடையாளம் காணாமல் கடைசிவரை பார்த்தவர்களும் உண்டு, அவர்கள் பாக்கியசாலிகள்.

ஐந்தாம் படி: இன்னொரு வருகையில் சோதித்துப் பாருங்கள்

இப்போது உதவி இல்லாமல் ஒன்றைப் பார்க்கலாம். 2020 ஜனவரி 1 அன்று வந்த 'ஸ்பைஃபால்' முதல் பகுதி. சாஷா தவான் நடிக்கும் உளவுத்துறை ஊழியர் டாக்டருக்குப் பழக்கமானவர், இனிமையானவர். பள்ளியில் ஓட்டத்தில் தான் மோசம் என்று போகிற போக்கில் சொல்கிறார். அவருடைய கோப்பில் அவர் சாம்பியன் ஓட்டக்காரர் என்று இருப்பது டாக்டருக்கு நினைவு வருகிறது. மாட்டிக்கொண்ட மாஸ்டர் ஒரு தீப்பெட்டியைக் காட்டுகிறான். உண்மையான ஊழியர் பொம்மையளவுக்குச் சுருங்கி அதற்குள் கிடக்கிறார்.

1971இன் சாப்பாட்டு டப்பா நினைவிருக்கிறதா? அந்த விஞ்ஞானியும் தன் டப்பாவுக்குள் அப்படித்தான் கிடந்தார். நாற்பத்தொன்பது ஆண்டுகள் கடந்து, அதே கொடூரம் தீப்பெட்டி அளவில். தீப்பெட்டியைப் பார்த்ததும் உங்களுக்கு டப்பா ஞாபகம் வந்திருந்தால் இனி உங்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: வருகையையும் கதையையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள்

புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே ரசிகர் ஒரு வாரம் கொண்டாடிவிட்டு அடுத்த வாரம் கொதிப்பார். முரண்பாடு போலத் தெரியும். கொண்டாடியது வருகையை, கொதித்தது அதன் பிறகு வந்த கதையை.

2024 ஜூன் 15 அன்று 'தி லெஜண்ட் ஆஃப் ரூபி சண்டே' முடிவில் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' வில்லன் சூடெக் திரும்பினான். சூசன் டிரையட் என்ற பாத்திரத்தின் பெயரை எஸ் டிரையட் என்று சுருக்கி ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால், டாக்டர் காலப்பயணம் செய்யும் டார்டிஸ் கலத்தின் பெயர் வருகிறது என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்க, உண்மையான குறிப்பு அவளுடைய நிறுவனத்தில் இருந்தது: சூ டெக். குரல் கொடுத்தவர் கேப்ரியல் உல்ஃப், 1975இல் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்'இல் பேசிய அதே மனிதர். 'யூடோபியா'வில் மறைந்தவர்களின் குரல் வந்தது. இங்கே உயிரோடிருக்கும் ஒருவர் அரை நூற்றாண்டு கழித்துத் தன் பழைய குரலோடு வந்து நின்றார். அந்த முடிவுக் காட்சிக்கு எழுந்த ஆரவாரத்தில் நானும் இருந்தேன். அடுத்த வாரம் சூடெக் வீழ்த்தப்பட்ட விதம் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது. எனக்கும் அது போதவில்லை. ஆனாலும் முதல் வாரத்து மகிழ்ச்சியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரானியின் கதை தனி. 1985, 1987 கதைகளுக்குப் பிறகு, தொடரில் மர்மமான பெண் பாத்திரம் யார் வந்தாலும் "இவள்தான் ரானி" என்று ஊகிப்பது ரசிகர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2014இல் மிஸ்ஸி வந்தபோதும் சொன்னார்கள், அவளோ பெண்ணாக மாறிய மாஸ்டர். கடைசியில் 2025 மே 17 அன்று தொடரில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்த மிஸஸ் ஃப்ளட்தான் ரானி என்று தெரிந்து, அவளிலிருந்து ஆர்ச்சி பஞ்சாபி வடிவில் இன்னொரு ரானியும் பிரிந்து வந்தபோது, பல ஆண்டு ஊகம் பலித்துவிட்டது. ராணி என்ற சொல் நம் வீட்டுச் சொல் என்பதால், ஆங்கிலேய நடிகர்கள் அதை அச்சத்தோடு உச்சரிக்கும்போது எனக்குக் கூடுதலாக ஒரு சிலிர்ப்பு.

ஏழாம் படி: உங்கள் பதிவை எழுதுங்கள்

இப்போது மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். அதிலிருந்து தொடங்குங்கள். தலைப்பிலும் முதல் படத்திலும் வில்லனின் பெயர் வேண்டாம். இன்னும் பார்க்காத ஒருவர் எப்போதும் இருக்கிறார். கதைச் சுருக்கம் இரண்டு வரியில் போதும். எந்த நொடி, அப்போது எந்தப் பழைய காட்சி மனதில் வந்தது, உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள்.

என் அக்கா மகள் சென்ற கோடையில் இந்தப் படிகளின்படியே பார்த்தாள். 'யூடோபியா' முடிந்ததும் பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். அரைமணி கழித்துக் காட்டினாள். எப்போது தெரிந்தது என்பதைப் பற்றியோ குரல்களைப் பற்றியோ அவள் தொடங்கவில்லை. முதல் வரி இப்படி இருந்தது: "மார்த்தா அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால், அந்தத் தாத்தா நல்லவராகவே செத்திருப்பார்."