சிங்பாஸ் முகச் சரிபார்ப்பு: உதவித்தொகை பெறும் மூத்தோருக்கும் அவர்களுக்கு உதவுவோருக்கும்

சிங்கப்பூரில் அரசாங்க உதவித்தொகை கைக்கு வருவதற்குள் மூத்தோர் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ், திரையில் தெரியும் முட்டை வடிவத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லும் அந்தச் சில விநாடிகள்தான் அது. இரண்டு முறை தவறினால், "எனக்குப் பணம் இல்லையாம்" என்று திரும்பிவிடுகிறார்கள். அப்படி நினைக்கவே வேண்டாம். பொருள், சேவை வரி பற்றுச்சீட்டு ரொக்கத்துக்கு யார் தகுதி பெறுகிறார் என்பதை வருமானம், வீட்டின் ஆண்டு மதிப்பு (அதை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை) போன்றவைதான் முடிவு செய்கின்றன. 2025ல் தகுதி பெற்றவர்களுக்கு 850 வெள்ளி அல்லது 450 வெள்ளி கிடைத்தது. முகச் சரிபார்ப்பு பார்ப்பதெல்லாம் நிற்பவர் அந்த அடையாள அட்டைக்கு உரியவர்தானா என்பதை மட்டுமே.

முதலில், முகத்தைக் காட்ட வேண்டிய தேவையே வராமல் செய்துகொள்ளுங்கள். ரொக்கம் மூன்று வழிகளில் வருகிறது. பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவையில் அடையாள அட்டை எண்ணை இணைத்தவர்களுக்கு முதலில் வரும். அடுத்து, வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தவர்களுக்கு. இரண்டும் இல்லாதவர்களுக்குக் கடைசியாக, ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கக்கூடிய கவ்கேஷ் வழியாக வரும். இங்கே பலர் ஏமாறும் விஷயம் ஒன்று: கைத்தொலைபேசி எண்ணை பேநவ்வில் இணைத்திருப்பார்கள், அதுவே போதும் என்று நினைப்பார்கள். போதாது. அரசாங்கத் தொகை அடையாள அட்டை எண்ணைத் தேடித்தான் போகும். வங்கிச் செயலியில் பேநவ் பகுதிக்குப் போய், அடையாள அட்டை எண் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். தகுதியுள்ள மூத்தோருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை வரும் சில்வர் சப்போர்ட் தொகைக்கு விண்ணப்பிக்கவே தேவையில்லை.

வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு கவ்கேஷ்தான் வழி. இதற்கு ஓசிபிசி ஏடிஎம் இயந்திரத்துக்குப் போக வேண்டும். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டியதில்லை. தேவைப்படுவது உங்களுக்கு வரும் தொகைக்கான குறிப்பு எண், அடையாள அட்டை எண், உங்கள் முகம் ஆகிய மூன்றும்தான். குறிப்பு எண்ணை வீட்டிலேயே சிங்பாஸ் மூலம் பார்த்து, பெரிய எழுத்தில் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது கைத்தொலைபேசியில் தேடுவதுதான் பதற்றத்தைக் கூட்டுகிறது. மூக்குக்கண்ணாடியையும் முகக்கவசத்தையும் கழற்றிவிட்டு இயந்திரத்தின் முன் நேராக நில்லுங்கள். கூட வந்த பேரனோ மகளோ தோள் மேல் எட்டிப் பார்க்க வேண்டாம், ஓரமாக நிற்கட்டும். கேமராவுக்குள் ஒரு முகம்தான் இருக்க வேண்டும்.

சொந்தக் கைத்தொலைபேசியில் சிங்பாஸ் செயலியை அமைக்கும்போது, பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். விரலையோ முகத்தையோ காட்டிச் செயலியைத் திறப்பது ஒன்று. அது உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளேயே நடக்கும் பூட்டுத் திறப்பு. சிங்பாஸ் முகச் சரிபார்ப்பு வேறு. அதில் இப்போது எடுக்கும் படம், அரசாங்கப் பதிவில் உள்ள உங்கள் படத்தோடு ஒப்பிடப்படுகிறது. பாட்டியின் கைத்தொலைபேசியில் பேரனின் விரல் ஏற்கனவே பதிவாகியிருந்தால், அவன் விரலும் பாட்டியின் சிங்பாஸைத் திறந்துவிடக்கூடும். ஆகவே அமைப்பதற்கு முன்பே கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குப் போய், பாட்டியின் விரலைத் தவிர மற்ற எல்லா விரல்களையும் நீக்குங்கள். பிறகு ஆறு இலக்கக் கடவு எண்ணை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதி வேண்டாம். செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். அதை முதலிலேயே செய்துவிட்டால் மற்றதை அவரே வாசித்துக்கொள்வார்.

இனி அந்தச் சில விநாடிகள். சரிபார்ப்பின்போது திரையில் வண்ண ஒளி மாறிமாறி வரும். அந்த ஒளி முகத்தில் பட்டுத் திரும்புவதைக் கேமரா பார்க்கிறது. முன்னால் இருப்பது உயிருள்ள முகமா, காட்டப்படும் புகைப்படமா என்பதை அப்படித்தான் பிரித்தறிகிறது. இது புரிந்தால் தவறுகள் பாதி குறைந்துவிடும். வெயிலில் நின்று செய்தால் தவறும்: சூரிய ஒளி திரையின் மெல்லிய ஒளியை விழுங்கிவிடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வரவேற்பறையில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலும் தவறும்: பின்னால் வெளிச்சம், முகம் இருட்டு. தலைக்கு நேர் மேலே குழல்விளக்கு இருந்தால் கண்குழிகளில் நிழல் விழும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே, மிதமாக இருக்கட்டும். திரை வெளிச்சத்தை முழுவதுமாகக் கூட்டுங்கள். மின்சக்திச் சேமிப்பு முறை இயங்கினால் அணைத்துவிடுங்கள். முன்பக்கக் கேமராவைச் சட்டைத் துணியால் ஒருமுறை துடையுங்கள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அதன் மேல் மங்கலாக ஒரு படலம் இருக்கும், கண்ணுக்கே தெரியாது.

கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். கை நடுங்குபவர்கள் தடித்த புத்தகங்களை அடுக்கி, கைத்தொலைபேசியை அதில் சாய்த்து வைத்து, முகத்தை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். மூக்குக்கண்ணாடி இல்லாமல் திரையில் உள்ள எழுத்து தெரியாதவர்களுக்கு, முதலில் கண்ணாடியோடு முழுதையும் வாசித்துவிட்டு, தொடங்கும் நேரத்தில் கழற்றுவது நல்லது. பக்கத்தில் இருப்பவர் "கொஞ்சம் கிட்டே, அப்படியே இருங்கள்" என்று வாயால் சொன்னால் போதும். வலிப்பு நோய் உள்ளவர்களும், ஒளி மினுங்கினால் உடல்நலம் கெடுபவர்களும் இந்த முறையைத் தவிர்த்து வேறு வழியைக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தவறுகிறதா? பதிவில் உள்ள படம் பழையதாக இருக்கலாம். 55 வயதில் அடையாள அட்டையைப் புதுப்பித்தவருக்கு 75 வயதில் அந்தப் படம் 20 ஆண்டு பழையது. நோயாலோ அறுவைச் சிகிச்சையாலோ முகத்தோற்றம் பெரிதும் மாறியிருந்தால், படத்தைப் புதுப்பிப்பது பற்றிக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் கேளுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சிங்பாஸ் முகப்பு உள்ள சமூக மன்றத்துக்கு அடையாள அட்டையோடு நேரில் போனால் உதவுவார்கள். சிங்பாஸ் உதவி எண் 6335 3533. கைத்தொலைபேசியே இல்லாத மூத்தோர், சிங்பாஸ் வைத்திருக்கும் நம்பகமான குடும்பத்தாரின் எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும்படி பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. சமூக மேம்பாட்டு மன்றங்கள் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளைச் சமூக மன்றத்தில் தாளில் அச்சிட்டுக்கூட வாங்கலாம். ஆகவே முகம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எந்தத் தொகையையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மோசடிக்காரர்களும் ரொக்கம் வரும் மாதத்துக்காகவே காத்திருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அரசாங்கக் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் கவ்.எஸ்ஜி (gov.sg) என்ற ஒரே பெயரிலிருந்துதான் வருகின்றன. "பணம் காத்திருக்கிறது, முகத்தைக் காட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்புபவரையோ, காணொளி அழைப்பில் திரையைப் பகிரச் சொல்பவரையோ நம்ப வேண்டாம். நீங்களே தொடங்காத எந்தச் சரிபார்ப்புக்கும் முகத்தைக் காட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

பழைய கைத்தொலைபேசியை விற்பதற்கோ பிள்ளைகளிடம் கொடுப்பதற்கோ முன், புதியதில் சிங்பாஸ் செயலியை அமைத்து, ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். அது சரியாகத் திறந்த பிறகு பழையதிலிருந்து செயலியை நீக்கி, அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.