முனை மூழ்கும் ஃப்ளை லைன்

சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு வீசும் மிதக்கும் ஃப்ளை லைன் (எடையில்லாத செயற்கைப் பூச்சித் தூண்டிலை வீச உதவும் கனமான தூண்டில் கயிறு), முனைப் பக்கம் மட்டும் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியது. உள்ளே பின்னல் நூல், மேலே பிவிசி பூச்சு; பூச்சில் கலந்த நுண்ணிய வெற்றுக் குமிழ்கள்தான் மிதக்க வைக்கின்றன. என் லைனில் முனை வளையம் வெடித்து நூல் வெளியே தெரிந்தது. அந்த வழியாக விளக்குத் திரி மாதிரி நீரை உறிஞ்சியிருக்கிறது.

முதலில் உப்பை எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு. ஊறியதும் பழைய பனியன் துணிக்குள் லைனை மெல்ல இழுத்தேன். துணியில் கறுப்பாகக் கோடு விழுந்தது! நல்ல தண்ணீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் காயவிட்டேன். நம்ம ஊர் வெயிலில் போட்டால் பூச்சு கெடும்.

நூல் நன்றாகக் காய்ந்த பிறகே பசை. இல்லையென்றால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வெடித்த வளையத்தை பிளேடால் நறுக்கி, ஆணி முடிச்சில் லீடரை, அதாவது தூண்டிலுக்குப் போகும் மெல்லிய நரம்பைக் கட்டி, நுனியில் சூப்பர் குளூ ஒரு துளி. நடுவில் இருந்த மயிரிழை வெடிப்புக்கு அது ஆகாது, இறுகி உடைந்துவிடும். அங்கே காய்ந்தும் வளையும் யூரித்தேன் பசையை மெல்லிசாகத் தடவினேன்.

கொசு விரட்டி தடவிய கையோடு மட்டும் லைனைத் தொடாதீர்கள், பல விரட்டிகளில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பூச்சையே கரைக்கும்.