லூர்து நகரில் முதல் நாள்: எதை முதலில் செய்வது, எதை மறுநாளுக்கு விடுவது?

பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் மாதா திருத்தலம் லூர்து. விசா, விமான டிக்கெட் எல்லாம் முடிந்து அங்கே போக பாரிஸில் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். குழுவாகப் போகிறவர்களுக்கு வழிகாட்டி இருப்பார். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. ரயில்

லூர்து ரயில் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். சார்ல் து கோல் விமான நிலையம் இருப்பது பாரிஸுக்கு வடகிழக்கே, மோன்பர்னாஸ் இருப்பது நகரின் தெற்கே. ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் தான்ஃபேர் ரோஷ்ரோ நிலையம் வரை வந்து, அங்கிருந்து மோன்பர்னாஸுக்கு மெட்ரோ 6-ஆம் தடத்தைப் பிடியுங்கள். விமானம் இறங்குவதற்கும் ரயில் கிளம்புவதற்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். பாஸ்போர்ட் வரிசையே பாதி நேரத்தைத் தின்றுவிடும். அப்புறம் ஏறக்குறைய ஐந்து மணி நேர ரயில் பயணம்.

2. தங்குமிடம்

ரயில் நிலையம் மேட்டில், திருத்தலம் கீழே ஆற்றங்கரையில். வயதானவர்கள் உடன் வந்தால் திருத்தல வாசலுக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை, ஏனென்றால் இரவு பவனி முடிந்து மேடு ஏறுவது அவர்களுக்குச் சிரமம். பிரெனே மலையடிவாரம் என்பதால் மழை சொல்லாமல் வரும். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, செபமாலைக்கும் மெழுகுதிரிக்கும் கை வேண்டுமே.

3. எந்த வாசல்?

சூசையப்பர் வாசல் பேராலயத்துக்குக் கிட்டே இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை புனித மிக்கேல் வாசல் வழியாகவே நுழையுங்கள். நீண்ட வெளி, நடுவே முடிசூடிய மாதா சொரூபம், அதற்கு அப்பால் கீழே செபமாலைப் பேராலயம், அதன் மேலே கோபுரங்களோடு அமல உற்பவப் பேராலயம் என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். யாராவது கூட்டத்தில் பிரிந்துபோனால் அந்தச் சொரூபத்தின் அடியில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள்.

4. கெபி

கெபி என்றால் குகை. பேராலயத்துக்கு வலப்புறமாகப் போனால் ஆற்றோரம் மசபியேல் பாறை, கெபி இருப்பது அதில்தான். 1858-இல் பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாதா பதினெட்டு முறை காட்சி கொடுத்த இடம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் பேச்சு கூடாது. வரிசையில் நகர்ந்து பாறையைத் தொட்டுக்கொண்டே உள்ளே சுற்றி வருவோம். எத்தனையோ கைகள் பட்டுப் பட்டு அந்தப் பாறை வழுவழுவென்று இருக்கும். இடப்பக்கம் பின்னால் கண்ணாடிக்கு அடியில் ஊற்று ஓடுவது தெரியும், அவசரத்தில் அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

ஊரில் 'எனக்காக வேண்டிக்கோங்க' என்று சொன்னவர்களின் பெயர்களை விமானத்திலேயே ஒரு தாளில் எழுதிவையுங்கள். கெபி முன்னால் நிற்கும்போது ஒன்றும் ஞாபகம் வராது.

5. தண்ணீர்

பலர் தடுமாறுவது இங்கேதான். ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய தீர்த்தத் தொட்டியில் முழுகி எழலாம் என்று நினைத்து, மாற்றுடையோடு வந்து நிற்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது வேறு. தொண்டர் ஒருவர் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அதில் கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, உள்ளங்கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்டதும் சிலருக்கு மனசு விட்டுப்போகிறது. அப்படி நினைக்கத் தேவையே இல்லை. 1858 பிப்ரவரி 25 அன்று மாதா பெர்னதெத்திடம் சொன்னதே, ஊற்றில் போய்க் குடி, அங்கே கழுவிக்கொள் என்றுதான். நாம் செய்வதும் அதையேதான். முழுக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்பதை அன்றன்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை: பயணக் களைப்போடு முதல் நாளே இந்த வரிசையில் நிற்காதீர்கள். ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்து ஒரு வாய் குடியுங்கள், மற்றதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. இரவுப் பவனி

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவு 9 மணிக்கு மெழுகுதிரிப் பவனி. முதல் நாள் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். காகிதக் கூண்டு போட்ட மெழுகுதிரியைக் கடையில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பாட்டு வரிகள் அந்தக் கூண்டிலேயே அச்சாகியிருக்கும். நோயாளிகள் முன்னால் போவார்கள், அவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள். 'அருள்நிறை மரியே' செபம் பல மொழிகளில் மாறி மாறி வரும். முற்பாதி எந்த மொழியில் வந்தாலும், 'தூய மரியே, இறைவனின் தாயே' என்று நாம் தமிழிலேயே சத்தமாகச் சொல்லலாம், எல்லோரும் அவரவர் மொழியில்தான் சொல்கிறார்கள். 'ஆவே' என்று பாடும்போது மொத்தக் கூட்டமும் மெழுகுதிரியை உயர்த்தும். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது, பவனி பாதியில்தான் இருட்டும்.

பின்சேர்க்கை: சக்கர நாற்காலி பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். திருத்தலத்திலேயே நோயாளிகளுக்கு உதவும் தொண்டர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று: தீர்த்தத்தைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் இழந்ததாக இருவர் எழுதியிருக்கிறார்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைப் பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள். மாதா உருவ பாட்டில்களின் மூடி தளர்ந்துவிடக்கூடியது. சாதாரணத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.