வீட்டுக்குள் பூசண வாடையா? சுவருக்கு வெளியே பாருங்கள்

பீரோவைத் திறந்தால் துணியில் பூசண வாடை, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மதுரைப் பக்கம் பல வீடுகளில் இதுதான் நிலைமை. ஊதுபத்தி கொளுத்தினால் புகைதான் கூடும். ஈரம் வெளியிலிருந்து வருகிறது. அதை வெளியிலேயே நிறுத்த வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

1. மொட்டை மாடி

மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை அள்ளிவிட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே அது சுவரடியிலேயே கொட்டினால், ஒரு எல்போவும் 4 அடி பைப்பும் மாட்டித் தள்ளிவிடுங்கள்.

2. சுவரடி

முக்கால்வாசி வேலை இங்கேதான். அறைக்குள் சுவரின் அடிப்பகுதியை நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளை உப்பு பூத்து, பூச்சு மாவாக உதிர்ந்தால் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், சுவரில் ஏறுகிறது என்று அர்த்தம். தெருவில் ரோடு போடப் போட மட்டம் உயர்கிறது. நாமும் வீட்டைச் சுற்றி மண் கொட்டி மேடாக்கிவிடுகிறோம். அந்த மண் பேஸ்மட்டத்தை (வீட்டுத் தரைக்குக் கீழே உள்ள அடிச்சுவரை) மூடியதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் ஈரத்தை இழுக்கிறது.

மம்பட்டியால் மண்ணை வெட்டி, வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது கீழே இறக்குங்கள். பிறகு மண்ணை நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தி, சுவரை ஒட்டி 3 அடி அகலத்தில், 3 அங்குலக் கனத்தில் கான்கிரீட் போடுங்கள். சிமென்ட் 1 பங்கு, மணல் 3, ஜல்லி 6. சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 1 அங்குல வாட்டம் கட்டாயம். வாட்டம் தப்பினால் தண்ணீர் சுவருக்கே திரும்பும், செலவும் வீண். 7 நாள் நனைத்து வையுங்கள். திருமங்கலம் பக்கம்போலக் கரிசல் மண் என்றால், 1 அடி தோண்டியெடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி இடித்த பிறகே கான்கிரீட். கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். மேலே போட்டதையும் சேர்த்துப் பிளந்துவிடும்.

வெளியே சரிசெய்யாமல் உள்ளே புட்டியும் பெயின்ட்டும் அடிக்கிறார்கள். ஈரம் உள்ளேயே சிக்கி, சில மாதத்தில் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். சுவர் முழுதாகக் காய்ந்த பிறகே பெயின்ட்.

3. செடிகள்

மல்லிகையானாலும் செம்பருத்தியானாலும் சுவரிலிருந்து 3 அடி தள்ளியே இருக்கட்டும். தினமும் ஊற்றும் தண்ணீர் சுவருக்குப் போகக்கூடாது. சுவரில் வெயிலும் படவேண்டும். பார்த்தீனியக் களைச்செடியைப் பூப்பதற்கு முன்பே, மண்ணை நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டு வேரோடு பிடுங்குங்கள். அதன் மகரந்தம் தும்மலையும் இழுப்பையும் கிளப்பும்.

4. சருகு

தயவுசெய்து கொளுத்தாதீர்கள். அந்தப் புகை முதலில் உங்கள் ஜன்னலுக்குள்தான் வரும். அதில் பிளாஸ்டிக் பை கலந்திருந்தால் இன்னும் மோசம். ஜன்னலிலிருந்து 10 அடி தள்ளி 3 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். அரை அடி சருகு, அதன்மேல் சாணிக் கரைசல், ஒரு கூடை மண் என்று அடுக்கிக்கொண்டே வாருங்கள். நாற்றமெடுத்தால் ஈரம் அதிகம். காய்ந்த சருகைச் சேருங்கள்.

5. செப்டிக் டேங்க்

காற்றுக்குழாய் ஜன்னல் உயரத்திலேயே நின்றால், கெட்ட வாயு நேராகப் படுக்கையறைக்கு வரும். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே போகும்படி நீட்டி, வாயில் கொசுவலை கட்டுங்கள். மூடிப் பலகையின் விரிசலைச் சிமென்ட்டால் அடைத்துவிடுங்கள்.