கோப்பு இருக்கிறது, சர்வீஸ் ஏன் கிளம்பவில்லை?

நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டை, லினக்ஸில் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக வைத்து, ஸ்டார்ட் கொடுத்ததும் படுத்துவிடுகிறதா? 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டுப் பாருங்கள். 203 என்ற எண் தெரிந்தால் ஸ்கிரிப்டின் உள்ளே பிழை தேட வேண்டாம். அது ஓடவே ஆரம்பிக்கவில்லை. யூனிட் கோப்பில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஸ்கிரிப்டின் பாதை சரியா, கோப்புக்கு இயக்கும் அனுமதி உண்டா, முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டும் சரி, ஆனாலும் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சாதிக்கிறதா? என் அரை நாளை விழுங்கியது இதுதான். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த கோப்பு. ஸ்கிரிப்டை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில், 'பாஷ்' என்பதன் வாலில் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவு எழுத்து ஒன்று ஒட்டியிருந்தது. அதனால் அந்த எழுத்தும் சேர்ந்த பெயரில் ஒரு நிரலைத் தேடி, இல்லை என்கிறது. கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையைப் பெரிய 'ஏ' ஆப்ஷனோடு ஓட்டினால் அது வரிக்கடைசியில் தொப்பிக்குறியும் 'எம்'முமாகப் பல்லிளிக்கும். அதை நீக்க, 'டாஸ்2யுனிக்ஸ்' கட்டளையை அந்தக் கோப்பின் மீது ஒருமுறை ஓட்டினால் போதும். அப்புறம், யூனிட் கோப்பில் கை வைத்திருந்தால் சிஸ்டம்டி அதை மீண்டும் படிக்க 'டீமன்-ரீலோட்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.